வௌவாலின் காலில் ஒரு சீட்டு

கன்று செத்துப்போனால் பசு பாலை அடக்கிக்கொள்ளும். அதற்குக் கிராமங்களில் ஒரு வழி வைத்திருந்தார்கள். செத்த கன்றின் தோலை உரித்து, உப்புத் தடவி வெயிலில் காயவைத்து, உள்ளே வைக்கோலைத் திணித்துத் தைத்து, கறவை நேரத்தில் பசுவின் முன்னால் கொண்டுவந்து வைப்பார்கள். பசு அதை நக்கிக் கொடுக்கும், மடி சுரக்கும். தோற்கன்று என்று அதற்குப் பெயர். கால் கோணியிருக்கும், கண் இருந்த இடம் குழியாக இருக்கும். பசுவுக்கு அதெல்லாம் பொருட்டில்லை, வாசனை இருந்தால் போதும். விலங்குகளைப் பாடம் செய்யும் கலை வெள்ளைக்காரன் கப்பலில் கொண்டுவந்து இறக்கியது என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். வேட்டைத் துரை, ஜமீன் மாளிகை, சுவரில் பல்லைக் காட்டும் புலித்தலை என்ற வரிசையில்தான் அது நினைவுக்கு வருகிறது. ஆனால் தோற்கன்றையும் புலித்தலையையும் அருகருகே வைத்துப் பார்த்தால் இரண்டும் செய்கிற வேலை ஒன்றே என்று தெரியும். செத்ததை இருப்பதுபோலக் காட்டி ஒருவரை நம்பவைக்க வேண்டும். அங்கே பசு, இங்கே விருந்தாளி. பாடம் செய்த உடலில் இன்னொரு வகையும் உண்டு. அது யாரையும் நம்பவைக்க முயல்வதில்லை, உயிரோடிருப்பதுபோலத் தெரிய ஆசைப்படுவதுமில்லை. இழுப்பறைக்குள் வரிசையில் கிடக்கும். காலில் ஒரு சீட்டுத் தொங்கும். கம்பம் பள்ளத்தாக்கின் காடுகளைப் பற்றி உலகம் அறிந்ததில் ஒரு பகுதியை மாற்றி எழுதியது அப்படிக் கிடந்த ஒரு வௌவால்.

தோலைப் பாடம் செய்வது, புகையிலையைப் பாடம் போடுவது, பள்ளிக்கூடத்துப் பாடம், ஏட்டுச்சுவடியின் பாடம் எல்லாவற்றுக்கும் தமிழில் ஒரே சொல். சொல்லாராய்ச்சிக்காரர்கள் இவற்றுக்குத் தனித்தனி வேர் காட்டக்கூடும். அந்த வழக்குக்குள் போக வேண்டியதில்லை. இந்தக் கட்டுரையின் வாதத்துக்கு அந்தச் சொல் தானாகவே கைகொடுக்கிறது. ஏட்டைப் பதிப்பிப்பவர் அது எவ்வளவு நேர்த்தியாக நறுக்கப்பட்டிருக்கிறது என்று பார்ப்பதில்லை. எந்த ஊர் ஏடு, யார் வீட்டில் கிடைத்தது, யார் எப்போது படியெடுத்தது என்றுதான் பார்ப்பார். உ.வே.சாமிநாதையர் தம் பதிப்பு முகவுரைகளில் ஏடு கொடுத்தவர்களின் பெயரையும் ஊரையும் குறித்துவைத்தது வெறும் நன்றிக்கடனுக்காக இல்லை; பாடத்துக்குப் பிறப்பிடம் தெரிந்தால்தான் பாடபேதத்தை எடைபோட முடியும். பாடம் செய்த விலங்குக்கும் இதே அளவுகோலைத்தான் வைக்க வேண்டும் என்பது என் வாதம். ஒரு பழைய பாடவுருவைக் காப்பாற்றுவதற்கு வலுவான காரணம் அதன் சீட்டு. சீட்டில்லாத ஒன்றுக்கு வயது இருக்கலாம், கைத்திறன் இருக்கலாம், சந்தையில் நல்ல விலையும் இருக்கலாம். அது எதற்கும் சாட்சி சொல்லாது.

சின்னமனூரிலிருந்து மலையேறினால் ஹைவேவிஸ். மேகமலை என்பது சுற்றுலாக்காரர்களிடம் பரவிய பெயர். ‘ஹை வேவி மலைகள்’ என்று வெள்ளைக்காரர்கள் வரைபடத்தில் இட்ட பெயர் தமிழ் வாயில் புகுந்து புறப்பட்டு ஒரு பேரூராட்சியின் பெயராகவே நிலைத்துவிட்டது. அந்த மலையில் இருந்த ஆங்கஸ் ஹட்டன் என்ற தோட்டத் துரைக்கு இயற்கை ஆய்வில் தீராத ஆர்வம். மதுரை ஜில்லாவின் ஹை வேவி மலைகளில் உள்ள பாம்புகளையும் பாலூட்டிகளையும் பற்றி அவர் எழுதிய குறிப்புகள் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் 1949இல் இரண்டு பகுதிகளாக வந்தன. அதற்கு முந்தைய ஆண்டில் அவர் ஒரு பழந்தின்னி வௌவாலைச் சேகரித்திருந்தார். அது கழகத்தின் தொகுப்புக்குப் போய்ச் சேர்ந்தது. சாதாரணக் குட்டைமூக்குப் பழந்தின்னி வௌவால் என்று வகை குறிக்கப்பட்டு உள்ளே வைக்கப்பட்டது. குட்டைமூக்கு வௌவால் ஊருக்கு ஊர் இருப்பது. கம்பத்துத் திராட்சைப் பந்தல்காரர் யாருக்கும் அதை அறிமுகப்படுத்த வேண்டாம். ராத்திரியில் குலையைக் கடித்துப் போட்டுவிட்டுப் போவதைப் பார்த்துப் பார்த்துச் சலித்தவர்கள். அப்படி ஒன்றென்று நினைத்துவிட்டால் யார் திரும்ப எடுத்துப் பார்ப்பார்கள்? இருபத்துநான்கு ஆண்டுகள் அது அப்படியே கிடந்தது.

எடுத்துப் பார்த்தவர் தாய்லாந்து விலங்கியலாளர் கித்தி தோங்லோங்யா. குட்டைமூக்கு வௌவாலுக்குச் சிறு வால் உண்டு. இதற்கு வெளியே தெரிகிற வால் இல்லை. வாயைப் பார்த்தார். மேல்தாடையில் ஒரே ஒரு ஜோடி வெட்டுப்பல், கீழ்த்தாடையிலும் ஒரே ஒரு ஜோடி. இப்படிப்பட்ட பல்வரிசை குட்டைமூக்கு வௌவாலுடையது இல்லை. தெரிந்த எந்தப் பேரினத்திலும் அதை அடக்க முடியவில்லை. ஆகவே 1972இல் அதற்குப் புதிய பேரினமே வகுத்து, ‘அகலப் பல்’ என்று பொருள்படும் லாடிடென்ஸ் என்ற பெயரோடு சலீம் அலியின் பெயரைச் சேர்த்து, லாடிடென்ஸ் சலீமலி என்று அதே கழக இதழில் அறிவித்தார். புதிய இனம் அறிவிப்பது பெரிய அதிசயமில்லை. பாலூட்டியில் புதிய பேரினம் என்பது வேறு கணக்கு. (தோங்லோங்யா 1974இல் இறந்தார். அவர் கண்டெடுத்த, உலகின் மிகச் சிறிய வௌவாலுக்கு அவர் பெயரையே வைத்தார்கள்.) அப்போது உலகத்திடம் இருந்தது ஹட்டன் சேகரித்த அந்த ஒரே உடல். உயிரோடு இன்னொன்றைப் பார்க்க 1993 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு பால் பேட்ஸும் அவருடன் சேர்ந்து ஆராய்ந்தவர்களும் அதே ஹைவேவிஸ் மலையில் மறுபடி அதைக் கண்டார்கள். எங்கே தேட வேண்டும் என்பதை அவர்கள் ஊகிக்க வேண்டியிருக்கவில்லை, சீட்டில் இருந்தது. பிற்பாடு களக்காடு முண்டந்துறை போன்ற தெற்கு மலைக்காடுகளிலும் அது இருப்பது தெரியவந்தது.

அந்த வௌவாலின் பெயர் மாறியதால் சட்டமும் மாறியது என்பதை இங்கே சொல்லாமல் விட முடியாது. தோங்லோங்யா கட்டுரை வந்த அதே 1972இல்தான் வனஉயிர்ப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. அதன் ஐந்தாம் அட்டவணை கேடு செய்யும் உயிரினங்களுக்கானது. காகம், எலி, சுண்டெலி இவற்றோடு பழந்தின்னி வௌவால்களும் ஒட்டுமொத்தமாக அதில்தான் இருந்தன; அனுமதியில்லாமலே கொல்லலாம். சலீம் அலி வௌவால் மட்டும் பின்னர் அதிலிருந்து விலக்கி, புலிக்கும் யானைக்கும் உரிய முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. ஐந்தாம் அட்டவணையையே எடுத்துவிட்டது 2022 திருத்தம். ஆக இடைப்பட்ட காலத்தில் ஒரே குகைவாயிலில் மாலையில் பறந்து வெளியேறும் இரண்டு வௌவால்களில் ஒன்று பூச்சிபொட்டுக்குச் சமம், மற்றது தேசத்தின் சொத்து. வித்தியாசம் ஒரு ஜோடிப் பல்லும் இல்லாத வாலும். அந்த வித்தியாசத்தை எந்த வேட்டைக் கோப்பையும் கண்டுபிடித்துத் தந்ததில்லை. பம்பாயில் ஓர் இழுப்பறை தந்தது.

ஆய்வுத்தோலைக் கிட்டத்தில் பார்த்தவர்கள் அதைக் கலை என்று சொல்லத் தயங்குவார்கள். வயிற்றில் ஒரே கீறல். அதன் வழியாக உடல் முழுவதையும் எடுத்துவிட்டு உள்ளே பஞ்சை உருட்டிவைத்துத் தைப்பார்கள். கண்ணில் கண்ணாடிக் குண்டு கிடையாது, வெள்ளையாகப் பஞ்சுதான் தெரியும். கால்கள் நீட்டி ஒட்டியிருக்கும், ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குவதற்கு அதுதான் வசதி. மண்டையோட்டைத் தனியே எடுத்துச் சுத்தம் செய்து அதே எண்ணிட்ட புட்டியில் போடுவார்கள், ஏனென்றால் பாலூட்டியை அடையாளம் காண்பது பெரும்பாலும் பல்லை வைத்து. பின்னங்காலில் நூல்கட்டிய சீட்டு. அதில் இடம், உயரம், தேதி, ஆணா பெண்ணா, உடல் நீளம், வால், காது, பாதம், சேகரித்தவர் பெயர். நீளங்களைப் பச்சை உடலிலேயே அளந்துவிட வேண்டும், காய்ந்தபின் தோல் சுருங்கிவிடும். தோலின் உட்புறத்தில் பூசியது ஆர்செனிக் சோப்பு. பதினெட்டாம் நூற்றாண்டில் பிரான்ஸில் பெக்கர் என்பவர் கண்ட கலவை அது: சோப்பு, சுண்ணாம்பு, கற்பூரம், சாம்பல் உப்பு, இவற்றோடு வெள்ளைப் பாஷாணம். பழனிக்குப் பக்கத்து மாவட்டக்காரர்களுக்குப் பாஷாணம் என்றவுடன் போகர்தான் நினைவுக்கு வருவார், அருங்காட்சியகக்காரர்களுக்குக் கையுறை. அந்துருண்டை போட்டும் அடங்காத தோல்வண்டை அடக்கியது இந்த நஞ்சு. இருநூறு ஆண்டுப் பறவைத் தோல்கள் இன்றும் எஞ்சியிருப்பதற்கு அதுவே முக்கியக் காரணம். பழைய புலித்தலையை வாங்கிவந்து வரவேற்பறையில் மாட்டிக் குழந்தைகளைத் தடவ விடுகிறவர்கள் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

சீட்டுத்தான் முக்கியம் என்றால் பொய்ச்சீட்டு என்ன செய்யும்? சுவடி உலகில் இதற்கு இடைச்செருகல் என்று பெயர். பறவையியலில் அதைப் பெருந்தொழிலாக நடத்தியவர் கர்னல் ரிச்சர்ட் மைனர்ட்ஸ்ஹாகன். இருபதாயிரம் அளவிலான பறவைத் தோல்களை லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்கு நன்கொடையாகக் கொடுத்த பெரிய மனிதர். அவற்றில் பல அதே அருங்காட்சியகத்திலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் திருடி, சீட்டைக் கழற்றிப் புதுச்சீட்டுக் கட்டியவை. அவற்றில் ஒன்று காட்டுச் சிற்றாந்தை. 1880களில் ஜேம்ஸ் டேவிட்சன் சேகரித்த தோலைத் தாமே 1914இல் குஜராத்தின் மாண்ட்வியில் சேகரித்ததாக அவர் எழுதிவைத்தார். அந்த ஆந்தை அழிந்துவிட்டதோ என்று தேடியவர்களின் வரைபடத்தில் ஒரு பொய்யான இடமும் ஒரு பொய்யான ஆண்டும் ஏறிவிட்டன. பறவையியலாளர் பமேலா ராஸ்முசென் தோல்களின் தையலையும் திணிப்பையும் ஒப்பிட்டு, பாடம் செய்த கை யாருடையது என்று கண்டு மோசடியை அவிழ்த்தார். பொய்ச்சீட்டுகளை ஒதுக்கிவிட்டு மெய்யான சீட்டுகளில் உள்ள இடங்களை நோக்கிப் போனபோது, 1997 நவம்பரில் மகாராஷ்டிரத்தில் உயிரோடு ஆந்தை உட்கார்ந்திருந்தது. கடைசியாக மெய்யான பதிவு கிடைத்த 1884க்குப் பின் 113 ஆண்டுகள். ஹைவேவிஸ் வௌவாலை மெய்ச்சீட்டு மீட்டுத் தந்தது. சிற்றாந்தையைப் பொய்ச்சீட்டு மறைத்து வைத்தது. தோல் என்னவோ இரண்டிலும் நன்றாகத்தான் இருந்தது.

தோற்றம் எவ்வளவு தூரம் கைவிடும் என்பதற்கு வேட்டைக்கலையின் பொற்காலத்திலேயே ஒரு வேடிக்கையான சாட்சி உண்டு. 1851இல் லண்டன் மாபெரும் கண்காட்சியில் இந்தியாவிலிருந்து வந்த அம்பாரியைக் காட்டுவதற்கு ஒரு யானை தேவைப்பட்டது. சாஃப்ரன் வால்டன் என்ற சிறு நகரத்து அருங்காட்சியகத்திலிருந்து பாடம் செய்த யானையை இரவல் வாங்கி அம்பாரியை ஏற்றினார்கள். அது ஆப்பிரிக்க யானை. காதைப் பார்த்தாலே நம்மூர்ப் பிள்ளைகள் சொல்லிவிடுவார்கள். பார்வையாளர்களுக்கு வேண்டியிருந்தது இந்திய மகிமை, யானை எந்தக் கண்டத்துப் பிறவி என்பது இல்லை. தென்னிந்தியாவில் இந்தக் கலையின் உச்சம் மைசூரின் வான் இங்கன் அண்டு வான் இங்கன். யூஜீன் வான் இங்கன் 1900ஐ ஒட்டித் தொடங்கிய அந்த நிறுவனத்தை, போயர் தளபதிகளின் பெயர்களைத் தாங்கிய அவருடைய பிள்ளைகள் நடத்தினார்கள். இருபதாம் நூற்றாண்டு முடியும் தறுவாயில்தான் அது மூடப்பட்டது. வைக்கோல் திணிக்கிற காலத்தை அவர்கள் தாண்டிவிட்டார்கள். அச்சில் வார்த்த காகிதக்கூழ் உருவங்களின் மேல் தோலைப் போர்த்தி, உதட்டின் சுருக்கத்தையும் நாக்கின் ஈரத்தையும்கூட விட்டுவைக்காமல் செய்தார்கள். நிறுவனத்தின் வரலாற்றை எழுதிய பாட் மோரிஸ் கணக்கிட்டபடி அங்கே பாடம் செய்யப்பட்ட புலிகளும் சிறுத்தைகளும் 43,000க்கு மேல். 1972இல் நாடு முழுவதும் எண்ணியபோது கிடைத்த புலிகள் 1,827. இரண்டு எண்களையும் அருகில் எழுதுவது சற்று அநியாயம்தான், முதலாவதில் சிறுத்தைகளும் சேர்ந்திருக்கின்றன, அரை நூற்றாண்டுக்கும் மேலான வேலை அது. இருந்தாலும் ஒரே ஊரின் ஒரே பட்டறை என்பதை மறக்க முடியவில்லை.

இந்த இடத்தில் சேகரிப்பாளர் ஒருவர் எழுந்து நின்று கேட்கக்கூடும்: புலித்தலை வெறும் பகட்டு என்கிறாய், வௌவால் தோல் மட்டும் அறிவு என்கிறாய், பிற்காலத்துக்கு எது பயன்படும் என்று இன்று யார் சொல்ல முடியும்? நல்ல கேள்வி, அதற்குச் சான்றும் இருக்கிறது. சமித் மொண்டல், மைக்கேல் புரூஃபோர்டு, பெங்களூர் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் உமா ராமகிருஷ்ணன் மூவரும் 2013இல் வெளியிட்ட ஆய்வில் பிரிட்டிஷ் அருங்காட்சியகங்களில் உள்ள பழைய இந்தியப் புலிகளின் மரபணுவை இன்றைய புலிகளின் மரபணுவோடு ஒப்பிட்டார்கள். தாய்வழி மரபணுவில் அவர்கள் கண்ட வகைகளில் 93 விழுக்காடு பழைய புலிகளிடம் மட்டுமே இருந்தவை. இன்றைய காட்டில் இல்லை. துப்பாக்கி தின்றது எண்ணிக்கையை மட்டுமில்லை என்பதை வேட்டைக்காரர்கள் விட்டுச்சென்ற தோலும் எலும்புமே சொல்லிவிட்டன. சேகரிப்பாளரின் கேள்விக்கு இது பாதிதான் சாதகம். அந்த ஆய்வு ஓடியது ஒவ்வொரு புலியும் எந்தப் பகுதியில் எந்தக் காலத்தில் சுடப்பட்டது என்று தெரிந்திருந்ததால். இடம் தெரியாத புலித்தோலிலும் மரபணு இருக்கும், ஆனால் அது ஒப்பீட்டில் எந்தப் பெட்டியிலும் விழாது. வேட்டைக்காரர்களில் ஒழுங்கானவர்கள் கோப்பையின் பலகையில் ஒரு தகடு பதித்து ஊரும் ஆண்டும் பொறித்தார்கள். ரோலண்டு வார்டின் வேட்டைப் பதிவேடு 1892 முதல் கொம்பளவையும் இடத்தையும் சுட்டவர் பெயரையும் அச்சிட்டுவந்தது. பெருமைக்காகச் செய்த அந்தக் காரியம் அவர்கள் அறியாமலே பாதிச் சீட்டாகிவிட்டது. கம்பம் பள்ளத்தாக்கின் விளிம்பில் சுட்ட காட்டுமாட்டின் தலையோ மிளாவின் கொம்போ வரையாட்டின் மண்டையோ இன்று ஒரு வீட்டில் இருந்தால், அதை நான் மதிப்பது அந்தத் தகட்டுக்காக. தகட்டைக் கழற்றிவிட்டுத் தலையை மட்டும் மெருகேற்றித் தருகிற வியாபாரி, சுவடியின் முதல் ஏட்டைக் கிழித்துவிட்டு மிச்சத்தைச் சந்தனம் பூசி விற்கிறவர்.

அடுத்த வாதம் சந்தையைப் பற்றியது, இதுதான் வலுவானது. விலை இருந்தால்தான் பொருளைக் காப்பார்கள். விற்க வழியில்லாத பழைய தலை பரணில் கிடந்து வண்டரித்துப் போகும், கடைசியில் குப்பையில் விழும் என்கிறார்கள். சட்டம் எங்கே நிற்கிறது என்று பார்க்கலாம். உரிமைச் சான்றிதழ் பெற்ற கோப்பையைக்கூட விற்க முடியாது. 2003இல் நடைமுறைக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு உயர் அட்டவணை விலங்குகளின் கோப்பைகளைப் புதிதாக ஒருவர் பெறுவதற்கு இருக்கும் வழி வாரிசுரிமை மட்டுமே. அப்படிப் பெற்றவரும் 90 நாளுக்குள் தலைமை வனஉயிரினக் காப்பாளரிடம் அறிவிக்க வேண்டும். பிரிட்டனில் நிலைமை வேறு. 1947 மார்ச் 3க்கு முன்பே வேலைப்பாடு செய்து முடித்த பொருள் என்றால் அது பழம்பொருள். வான் இங்கன் புலியை ஏலத்தில் பகிரங்கமாக எடுக்கலாம். ஆக ஒரே மலையில் ஒரே ஆண்டில் சுட்ட இரண்டு விலங்குகளில், துரையோடு கப்பலேறியது லண்டனில் செல்வம். இங்கேயே தங்கியது வாரிசுக்கு ஒரு விண்ணப்பப் படிவம். இது அநீதி என்று சேகரிப்பாளர்கள் குறைபடுவது புரிகிறது. ஆனாலும் நம் சட்டம் சரி என்றே நினைக்கிறேன். பாடம் செய்த புலி நூறாண்டுப் பழசா, போன வருஷத்துக் கள்ளவேட்டையா என்று கண்ணால் பார்த்துச் சொல்வது கடினம். பழையதற்குச் சந்தை திறந்தால் புதியதற்குப் பழைய வேஷம் போடுவார்கள். சந்தை காப்பாற்றும் என்ற வாதத்தில் இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. சந்தை காப்பாற்றுவது முகத்தை. கண்ணாடிக் கண், பளபளக்கும் மீசை, விரிந்த வாய் இவற்றுக்குத்தான் விலை. பல்லில் இருக்கும் வித்தியாசத்துக்கோ மங்கிய சீட்டுக்கோ எந்த ஏலத்திலும் கை உயராது. ஹட்டனின் வௌவால் 1948இலிருந்து 1972 வரை எந்த நாளில் ஏலத்துக்கு வந்திருந்தாலும் இரண்டு அணாவுக்குக்கூடப் போயிருக்காது.

பரணில் கிடந்து அரிபடும் என்ற பயத்துக்கு மட்டும் பதில் சொல்லியாக வேண்டும். 2022 திருத்தம் ஒரு வழி திறந்திருக்கிறது: சான்றிதழ் வைத்திருப்பவர் தாமே முன்வந்து கோப்பையை வனத்துறையிடம் ஒப்படைத்துவிடலாம். இழப்பீடு கிடையாது, பொருள் அரசுடைமையாகும். அதற்குப் பிறகு அது எங்கே போகிறது என்பதில்தான் என் அக்கறை. 2021 செப்டம்பரில் அசாம் அரசு 2,479 காண்டாமிருகக் கொம்புகளைப் பகிரங்கமாக எரித்தது. கள்ளச்சந்தைக்கு அது ஒரு செய்தி. அங்கேயும் 94 கொம்புகளைத் தனியே எடுத்துவைத்தார்கள். எரிப்பதா வைப்பதா என்ற முடிவு வரும்போது பழசு, பெரிசு, அழகு என்பதைவிட இடமும் ஆண்டும் தெரிந்ததா என்று முதலில் கேட்டால் போதும். தமிழ்நாட்டில் வைப்பதற்கு இடமில்லாமல் இல்லை. 1851இல் தொடங்கிய சென்னை அருங்காட்சியகமும், 1902இல் திறந்த கோவை காஸ் வன அருங்காட்சியகமும் இன்றும் இருக்கின்றன. சென்னை மக்கள் ஒரு காலத்தில் மிருகக்காட்சிசாலையை உயிர் காலேஜ் என்றும் அருங்காட்சியகத்தைச் செத்த காலேஜ் என்றும் சொன்னார்கள். கேலியாகச் சொன்னார்களோ விவரமாகச் சொன்னார்களோ, இரண்டும் காலேஜ்தான் என்பதில் அவர்களுக்குச் சந்தேகம் இருந்ததில்லை.

ஆய்வுக்கென்றாலும் கொலை கொலைதானே என்பவர்களுக்குச் சுற்றிவளைத்துப் பதில் சொல்லக் கூடாது. ஆம், ஹட்டனின் வௌவாலும் செத்துத்தான் சீட்டைக் கட்டிக்கொண்டது. 1972இல் எஞ்சியிருந்த ஒரே உடல் அது என்றால், அந்த இனத்தில் ஒரே ஒன்று செத்ததால் மொத்த இனத்துக்கும் சட்டத்தின் முதல் வரிசையில் இடம் கிடைத்தது என்றும் கணக்குப் போடலாம். கணக்கு சரியானாலும் அந்த வௌவாலுக்கு அது ஆறுதல் இல்லை. இன்று வலையில் பிடித்து, அளந்து, படமெடுத்து, இறக்கைச் சவ்வில் ஒரு துளி எடுத்துக்கொண்டு பறக்கவிடலாம். புதிதாகக் கொன்று அடுக்க வேண்டிய அவசியம் மிகவும் குறைந்துவிட்டது. ஆனால் 1948இல் எடுத்த படம் ஒன்றுதான் இருந்தது என்று வைத்துக்கொள்வோம். வாயைத் திறந்து பல்லை எண்ண 1972இல் யாராலும் முடிந்திருக்காது. எடுத்தவருக்கு எது முக்கியம் என்று தோன்றியதோ அது மட்டும்தான் படத்தில் இருக்கும். எடுத்தவர் யோசித்தே பார்க்காத கேள்விக்கும் உடல் பதில் வைத்திருக்கும். ஏற்கெனவே செத்தவற்றைப் பத்திரமாக வைப்பதற்கு, இனி சாகடிக்காமல் இருப்பதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

சீட்டின் மேலும் எனக்கு ஒரு புகார் உண்டு. அதில் சேகரித்தவர் என்ற இடத்தில் வழக்கமாக இருப்பது துரையின் பெயர். மேகமலை, வருசநாட்டுக் காடுகளில் எந்தப் பாறையிடுக்கில் எது அடையும் என்று தெரிந்தவர்கள் பளியர்கள். போடிக்கு மேலே முதுவர்கள். வழிகாட்டியவர், தடம் பார்த்தவர், பொறி வைத்தவர் பெயர்களை எழுதும் பழக்கம் காலனியச் சேகரிப்பில் அரிது. ஹட்டன் கொடுத்த பாம்புகளில் ஒன்றைப் புதிய இனமென்று கண்டு 1949இல் மால்கம் ஸ்மித் அதற்கு ஹட்டன் பெயரையே வைத்தார். ஹைவேவிஸ் மலையில் எடுத்த அந்தக் குழிவிரியன் எந்தப் பேரினத்தில் சேரும் என்று பின்னால் வந்தவர்கள் மாற்றிமாற்றி யோசித்தபோதும் முதலில் திரும்பிப் போனது அந்த மாதிரிகளிடமே. பளியர் பெயரில் அந்த மலையில் ஒரு பாம்பு இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். இதைச் சொல்வதால் சீட்டின் மதிப்புக் குறைந்துவிடாது. குறை இருக்கும் ஆவணத்தைத்தான் குறை என்று காட்டவாவது முடியும்.

ஊர்ப்பெயர்களும் அப்படித்தான். ஹட்டனின் கட்டுரைத் தலைப்பில் ஹை வேவி மலைகள் மதுரை ஜில்லாவில் இருக்கின்றன. 1996இல் தேனி தனி மாவட்டமாகப் பிரிந்தது. 2021இல் அதே மலை ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகத்துக்குள் வந்தது. மேட்டுக்கு அந்தப் பக்கம் திருவிதாங்கூர் அரசு 1934லேயே பெரியாற்றைச் சுற்றிச் சரணாலயம் வகுத்துவிட்டதால், குமுளிக்கு மேற்கே சுட்டதா கிழக்கே சுட்டதா என்பதுகூட ஒரு பழைய கொம்பின் கதையை மாற்றிவிடும். துரை எழுதிய ஆங்கிலப் பெயரையும், வேட்டைக்குப் போனவர் சொன்ன தமிழ்ப் பெயரையும், இன்றைய வனச்சரகத்தின் பெயரையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கத் தெரிந்தவர்கள் இந்தப் பள்ளத்தாக்கில் இன்னும் இருக்கிறார்கள். பெரும்பாலும் வயதானவர்கள். தோல் இன்னும் ஐம்பது வருஷம் தாங்கும், அவர்கள் தாங்கமாட்டார்கள். தாத்தா காலத்துக் கொம்பு எந்த ஓடைக்கரையில் விழுந்த விலங்கினுடையது என்று வீட்டில் ஒருவருக்கு நினைவிருந்தால், ஒப்படைப்பது பற்றிய முடிவைப் பிறகு எடுத்துக்கொள்ளலாம். ஓடையின் பெயரையும் ஏறக்குறைய ஆண்டையும் சொன்னவர் பெயரையும் ஒரு கெட்டித்தாளில் எழுதி, கையுறை போட்டுக்கொண்டு, கொம்பின் அடியில் நூலால் கட்டிவிடலாம். பேனா வேண்டாம், பென்சில் போதும். மலைக்காற்றின் ஈரத்தில் மை ஊறிவிடும்.